இரும மாறிகளும் நிபந்தனைக் கட்டுப்பாடுகளும்

‘இயந்திரத்தை இயக்கினால்தான் உற்பத்தி’, ‘இந்த வேலை முடிந்த பிறகே அந்த வேலை, அல்லது அது முடிந்த பிறகே இது’ போன்ற விதிகளை உகப்பாக்கக் கணக்கில் சமனிலிகளாக எழுத உதவுபவை இரும மாறிகள். 0, 1 ஆகிய இரண்டைத் தவிர வேறு மதிப்பை இவை ஏற்பதில்லை.

ஜார்ஜ் டான்ட்ஸிக் 1947இல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை நேரியல் கணக்குகளுக்கானது. ‘செய் அல்லது விடு’ என்ற முடிவுக்கு அதில் இடமில்லை. அந்தக் குறையை நீக்கும் வழியை 1957இல் ஹாரி மார்கோவிட்ஸும் ஆலன் மன்னும் ஆராய்ந்தனர். 1960இல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் டான்ட்ஸிக்கே எழுதிய கட்டுரை, தொடக்கச் செலவு, இரண்டில் ஒன்று, நிபந்தனை ஆகிய பலவகை விதிகள் முழுஎண் மாறிகளுக்குள் அடங்கும் என்று காட்டியது. அதே ஆண்டு அதே இதழில் ஐல்சா லேண்டும் அலிசன் டாய்க்கும் அத்தகைய கணக்குகளைக் கிளைகளாகப் பிரித்துத் தீர்க்கும் முறையை வெளியிட்டனர். எழுதும் வழியும் தீர்க்கும் வழியும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது இத்துறையின் நற்பேறு.

அடிப்படை வடிவம் எளியது. உற்பத்தி x, இயந்திர முடிவு y என்றால், x ≤ My. y சுழியானால் உற்பத்தியும் சுழி. y ஒன்றானால் M வரை உற்பத்தி செய்யலாம். கவனம் வேண்டியது M என்ற மாறிலியில்தான். இயந்திரத்தின் திறன் 500 அலகு, இயக்கத் தொடங்கும் செலவு 10,000 ரூபாய் என்று கொள்வோம். M = 500 என எழுதினால், y பின்னமாகலாம் என்று தளர்த்திய கணக்கிலும் 500 அலகுக்கு முழுச் செலவு விழும். ‘பெரிதாக இருந்தால் போதும்’ என்று 10,00,000 எழுதினால் y = 0.0005 ஆகி, செலவு 5 ரூபாயாகச் சுருங்கும். அவ்வளவு தளர்ந்த வரம்பை வைத்துக்கொண்டு கிளைகளை வெட்டித் தள்ள முடியாது. கணக்கு நீண்டுகொண்டே போகும். இன்னொரு கேடும் உண்டு. 0.00001 அளவு பிழையை மென்பொருள் பொறுத்துக்கொள்ளும் என்றால், நிறுத்திவைத்ததாகச் சொல்லும் இயந்திரத்திலிருந்து 10 அலகு வெளிவரும். விடை பார்வைக்குச் சரியாக இருப்பதால் இப்பிழை எளிதில் கண்ணில் படாது.

ருமேனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எகான் பாலஸ், 1974இல் ‘இது அல்லது அது’ என்ற தெரிவுகளின் வடிவியலையே ஆராய்ந்து, M இல்லாத இறுக்கமான வடிவங்களைத் தந்தார். மாறிகளின் எண்ணிக்கை கூடுவது அதற்கான விலை. இன்றைய தீர்வு மென்பொருள்கள் பலவற்றில் ‘y = 1 எனில் இக்கட்டுப்பாடு’ என்று நேரடியாகவே எழுதலாம். அப்போதும் மாறிகளுக்கு மெய்யான உச்சவரம்பு தருவது அவசியம். அது இல்லையேல் மென்பொருளாலும் நல்ல வரம்பைக் கணிக்க இயலாது.