கடற்கரையும் கல்லுப்பள்ளியும்

மாமல்லபுரத்தில் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கடற்கரைக் கோயிலின் சிற்ப சௌந்தரியத்தில் ஈடுபட்டு நிற்கும் யாத்ரிகர், அக்கற்றளி எழுந்த தலைமுறையிலேயே தமிழ்நாட்டில் முஸ்லிம்களின் தொழுகைக்கும் ஒரு கல்மண்டபம் எழுந்தது என்பதை நினைப்பது அரிது. ஆயினும் கடல்வழி வந்தோர் இக்கரைக்குப் புதியவரல்லர். காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்துத் துறையில் வெண்பிடரிக் குதிரைகளைக் கொணர்ந்த நாவாய்களைச் சங்க காலத்திலேயே வருணிக்கிறது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளத்தில் தமீமுல் அன்சாரி அவர்களின் தர்கா இருக்கிறது. நபிகள் நாயகத்தின் தோழர்களுள் ஒருவரான அப்பெரியாரின் திருமேனி, பேழையொன்றில் மிதந்து வந்து இங்கே கரைசேர்ந்தது என்பது ஐதிகம். அவ்வூரில் இருந்த கோட்டையை 1752இல் கிளைவ் கைப்பற்றினான். கோட்டை அழிந்தது, ஜியாரத்துக்கு வருவோர் கூட்டம் குறையவில்லை. சாசனம் இல்லை என்பதற்காக இவ்வைதிகத்தைத் தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் முஸ்லிம்கள் அலைவழியே வந்தார்கள் என்ற ஞாபகத்தை இக்கரை மக்கள் இப்படித்தான் போற்றி வந்திருக்கிறார்கள்.

கல்லே சாட்சி சொல்ல வேண்டுமானால் திருச்சிராப்பள்ளிக்குச் செல்ல வேண்டும். அங்கே கோட்டை ரயில் நிலையத்தருகே, குவிமாடமும் மினாராவும் இன்றி, கல்தூண்கள் தாங்கும் தட்டையான கூரையோடு, நம் கோயில் மண்டபங்களின் பாணியிலேயே அமைந்த சிறு பள்ளிவாசலொன்று உண்டு. ஊரார் அதைக் கல்லுப்பள்ளி என்பர். அதிலுள்ள அரபுக் கல்வெட்டு ஹிஜ்ரி 116ஆம் ஆண்டையும், அதைக் கட்டுவித்த அப்துல்லா பின் முகம்மது அன்வர் என்பாரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. அது கி.பி. 734ஐ ஒட்டிய காலம். காஞ்சியில் நந்திவர்ம பல்லவமல்லன் அரியணை ஏறிச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. சிந்து தேசத்தில் முகம்மது பின் காசிம் 712இல் சேனையோடு புகுந்ததையே இந்தியாவில் இஸ்லாத்தின் ஆரம்பமாகப் படித்துப் பழகிய நாம், டில்லியில் சுல்தான்கள் தோன்றுவதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னரே, எந்தச் சுல்தானின் ஆணையும் இன்றி, இந்நாட்டுக் கட்டட மரபிலேயே எழுந்த இத்தொழுகையிடத்தைச் சரித்திரப் பாடத்தின் முதல் ஏடுகளிலேயே வைத்திருக்க வேண்டும்.

அதே ஊரின் மலையில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலை நாடி வருவோர் பலர். கல்லுப்பள்ளியைத் தேடி வருவோர் சிலரே. பல்லவன் குகைக்குக் காட்டும் கவனத்தில் ஒரு பங்கையேனும் இதன் தூண்களுக்கும், முக்கியமாக அந்த அரபு எழுத்துக்களுக்கும் காட்டிப் பாதுகாப்பது தமிழ்நாட்டின் கடமை.