காற்று அடித்த கதை

எங்கள் வீட்டில் அதற்குக் காற்று என்றுதான் பெயர். என் பெரியப்பா மகனுக்கு அப்போது இருபத்தாறு வயது. காலையில் பசியாறிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து கோப்பை நழுவியது, வாய் ஒருபக்கம் கோணியது. "காத்து அடிச்சிருச்சி, எண்ணெய் போட்டு உருவி விடுங்க" என்றார் பாட்டி. உருவினார்கள். இந்த வயதில் வேறு என்ன வரும் என்று எல்லாரும் நம்பினோம், நான் உட்பட.

பாட்டியைக் குறைசொல்லிப் பயனில்லை. பாரிசவாயு, பக்கவாதம் என்ற இரண்டு சொற்களிலும் இருப்பது காற்றுதான். சுங்கை பஞ்சாங்கில் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களும் அதை 'அங்கின் அஹ்மார்', அதாவது செங்காற்று என்பார்கள். கிரேக்கர்கள் வைத்த பெயருக்கு அடித்து வீழ்த்தப்படுதல் என்று பொருள். ஆங்கில ஸ்ட்ரோக்கும் அடிதான். ஆக, எல்லாருமே வெளியிலிருந்து ஏதோ வந்து தாக்கியதாகத்தான் நினைத்திருக்கிறார்கள்.

மூளைக்குள் தேடியவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தின் யோஹான் யாக்கோப் வெப்ஃபர். இப்படி இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து, மூளையில் ரத்தம் கசிந்திருந்ததை 1658-இல் எழுதினார். ரத்தம் மூளைக்குப் போகாமல் தடைபட்டாலும் ஆள் விழுவான் என்பதையும் கணித்தார். பம்புகளோடு மாரடிக்கும் எனக்கு இது உடனே புரிகிறது. ஒன்று குழாய் உடையும், இல்லையென்றால் அடைக்கும். எது நடந்தது என்று வெளியே நின்று சொல்ல முடியாது. உயிரோடிருப்பவரின் மூளையைப் படமெடுத்து அதைப் பார்க்க சிடி ஸ்கேன் வர வேண்டியிருந்தது. லண்டனில் முதல் நோயாளியை அப்படிப் படமெடுத்தது 1971-இல். அடைப்பைக் கரைக்கும் மருந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் தரும் என்று அமெரிக்க ஆய்வொன்று 1995-இல் காட்டியது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. வெப்ஃபரிலிருந்து இதற்கு முந்நூற்று முப்பத்தேழு வருடம்! ஆனால் உடைப்பிருக்கும் ஆளுக்கு இதே மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. அதனால் முதலில் ஸ்கேன்.

கிழவர்களின் நோய் என்பதும் பழைய நம்பிக்கைதான். உலகில் ஆண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேல் பக்கவாதம். அதில் நூற்றுக்குப் பதினாறுக்கு மேல் 15 முதல் 49 வயதுக்காரர்களுக்கு. முன்பெல்லாம் பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் வந்து, அது ருமாட்டிக் காய்ச்சலாகி, இதய வால்வைக் கெடுக்கும். வருடங்கள் கழித்து அங்கிருந்து கிளம்பும் ரத்தக்கட்டி மூளையில் போய் அடைக்கும். இன்று ரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் அந்த வேலையைச் செய்கின்றன. 2019-இன் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு ரத்த அழுத்தம். இந்தியர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இனிப்பு நீர். அண்ணனுக்கும் அழுத்தம் இருந்தது. அன்றுதான் தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மதியம் ஒரு மணி. டாக்டர் வேறெதையும் கேட்பதற்கு முன், "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்றார். யாரும் கடிகாரத்தைப் பார்த்திருக்கவில்லை. பாட்டிதான் யோசித்துச் சொன்னார்: "ஸ்கூல் பஸ்சு போச்சே, அதுக்குக் கொஞ்சம் பொறவுய்யா."

எங்கள் வாசலில் பள்ளி பஸ் ஆறரைக்குப் போகும்.