பழைய சாரம்: ஆளில்லா ஊரின் அவையுரிமை

ஒரு நாட்டின் ஆட்சிமுறை வரலாற்றை அறிய விழைவோர், அந்நாட்டுப் பேரவையில் நிகழ்ந்த சொற்போர்களையும் அது இயற்றிய சட்டங்களையும் மட்டும் கற்றல் போதாது. அப்பேரவைக்கு உறுப்பினரை அனுப்பிய ஊர்களின் வரலாற்றையும் ஆராய்தல் வேண்டும். இங்கிலாந்தின் வில்ட்சயர்ப் பகுதியில், சாலிசுபரி நகருக்கு வடக்கே, குன்றின்மேல் ஒரு பாழ்மேடு உள்ளது. ஆங்கிலத்தில் ‘ஓல்டு சாரம்’ என வழங்கும் இதனைப் பழைய சாரம் எனலாம். 1295ஆம் ஆண்டில் பாராளுமன்றத்திற்கு முதன்முதல் உறுப்பினரை அனுப்பிய இவ்வூர், குடிகள் நீங்கிய பின்னரும் அவ்வுரிமையை இழக்காது 1832 வரை வைத்திருந்தது. சென்னை நகர வரலாற்றோடும் இதற்குத் தொடர்புண்டு. ஆதலின் இத்தொகுதியின் வரலாறு ஈண்டு ஆராயப்பெறுகின்றது.

பழைய சாரம் முதலில் இரும்புக் கால மக்கள் அமைத்த மண்கோட்டை ஆகும். நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் இதனுள் அரணும் தலைமைக் கிறித்தவக் கோயிலும் எழுந்தன. அக்கோயில் 1092இல் திருநிலைப்படுத்தப்பெற்றது. எனினும் குன்றின்மேல் நீர் அரிது, காற்றோ கடிது. கோயிற் குருமாருக்கும் கோட்டைப் படையினருக்கும் பூசல் ஓயவில்லை. ஆகவே 1220இல் கீழேயுள்ள ஆற்றுச் சமவெளியில் புதிய கோயிலுக்குக் கால்கோள் செய்தனர். அதனைச் சூழ்ந்து புதிய சாலிசுபரி நகர் வளர்ந்தது. கோயிலைத் தொடர்ந்து குடிகளும் இறங்கினர். பழைய கோயிலின் கற்களும் பிற்காலத்தில் புதிய கட்டடங்களுக்குப் பயன்பட்டன. குருமாரும் குடிகளும் கற்களுங்கூட இடம்பெயர்ந்தன. இரண்டு உறுப்பினரை அனுப்பும் உரிமை ஒன்றே குன்றின்மேல் எஞ்சி நின்றது. புதிய சாலிசுபரியும் தனியே இரண்டு உறுப்பினரை அனுப்பி வந்தது என்பது கருதத்தக்கது.

ஆளில்லா ஊரில் தேர்தல் எங்ஙனம் நடைபெற்றது என்னும் வினா எழுதல் இயல்பே. இங்கு வாக்குரிமை மனிதனைச் சார்ந்தது அன்று, மனையைச் சார்ந்தது. பண்டைக்காலத்து வீட்டு மனைகளுள் குறிப்பிட்ட சிலவற்றை உடையவர் எவரோ அவரே வாக்காளர். மனையில் வீடு இருத்தல் வேண்டும் என்பதோ, அவர் அங்கு வாழ்தல் வேண்டும் என்பதோ இல்லை. நிலம் முழுவதையும் வாங்கிய பெருநிலக்கிழார், தேர்தல் நெருங்குங்கால் தமக்கு நம்பிக்கையானவர் சிலர் பெயரில் மனைகளை எழுதிவைப்பார். தேர்தல் முடிந்ததும் அவை அவரிடமே மீளும். வயல்நடுவே, எல்ம் என்னும் மரத்தின் அடியில் தேர்தல் சடங்கு நிகழ்ந்தது. 1831இல் நடந்த இறுதித் தேர்தலில் வாக்காளர் 11 பேர். அவருள் ஒருவரும் அங்கு வாழ்ந்தவர் அல்லர்.

இத்தகைய உடைமையைச் சாலிசுபரிப் பிரபுவிடமிருந்து 1691இல் விலைக்குப் பெற்றவர் தாமசு பிட். இவர் கிழக்கிந்தியக் கும்பெனியின் தனி வாணிக உரிமையை மீறி இந்தியாவில் வாணிகம் செய்தவர். அதன்பொருட்டுத் தண்டமும் விதிக்கப்பெற்றவர். பின்னர் அக்கும்பெனியே இவரைச் சென்னைக் கோட்டைக்கு ஆளுநராக அமர்த்தியது. 1698 முதல் 1709 வரை இவர் அப்பதவியில் இருந்தார். 1702இல் கருநாடக நவாபு தாவூத்கான் சென்னையை முற்றுகையிட்டதும், 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்னும் ஐந்து ஊர்கள் கும்பெனிக்குக் கிடைத்ததும் இவர் காலத்து நிகழ்ச்சிகளே.

பிட்டின் பெயரோடு இணைந்தது புகழ்பெற்ற வைரம் ஒன்று. அதனை ஏறத்தாழ 48,000 வராகனுக்கு வாங்கி, 1702இல் தம் மகன் இராபர்ட்டிடம் கொடுத்து இங்கிலாந்திற்கு அனுப்பினார். அது 1717இல் பிரெஞ்சு நாட்டு அரசப் பிரதிநிதிக்கு விற்கப்பெற்றது. அவ்வைரத்தின் விலையே பழைய சாரத்தை வாங்கியது எனக் கருதுவோர் உளராயின், அது பொருந்தாது என்பதை ஆண்டு முறையே காட்டும். தொகுதி வாங்கியது 1691. வைரம் விற்றது 1717. தொகுதியை வாங்கியது வைரம் அன்று. அதற்கு முன்னரே அவர் ஈட்டிய வாணிகப் பொருள் ஆகும். பிட் சென்னையில் இருந்தபோதே, 1705இல், இராபர்ட் பழைய சாரத்தின் உறுப்பினரானார். தாயகம் மீண்டபின் பிட்டும் 1710இல் அத்தொகுதியின் சார்பில் அவையில் அமர்ந்தார்.

இராபர்ட்டின் மகன் வில்லியம் பிட் 1735இல் இத்தொகுதியின் வழியே அவை புகுந்தார். பிற்காலத்தில் நாட்டின் தலைமை அமைச்சராய் விளங்கியவர் இவரே. இத்தகைய தொகுதிகள் இல்லையேல் ஆற்றலுடைய இளைஞர் அவை புகுதல் அரிதாகும் என்று பழைய முறையைப் போற்றியோர் வாதிட்டனர். அவ்வாதத்திற்கு வில்லியம் பிட்டே தக்க சான்று. ஆயினும் 1766இல் அவரே இத்தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய பகுதி எனச் சாடினார். ‘உளுத்த தொகுதி’ முறையைப் பற்றி அதனால் பயன்பெற்றவரே கூறிய தீர்ப்பு இது. 1801இல் சீர்திருத்தவாதியாகிய ஆர்ன் டூக்கு என்பவரும் கேமல்ஃபோர்டு பிரபுவின் விருப்பத்தால் இங்கிருந்து உறுப்பினரானார். அவர் குருப்பட்டம் பெற்றவர் ஆதலின், குருமார் அவையில் அமர்தலைத் தடுக்கும் சட்டம் அவ்வாண்டே இயற்றப்பெற்றது. நல்லவர் வரினும் அல்லவர் வரினும், அனுப்பியவர் ஒருவரே, மக்கள் அல்லர்.

1802இல் பிட்டின் வழிவந்த கேமல்ஃபோர்டு பிரபு இவ்வுடைமையைக் காலிடன் பிரபுவுக்கு விற்றார். விலை 60,000 பவுன் என்பர். நிலத்தின் ஆண்டு வருவாயோ 700 பவுனுக்கு மேற்படாது. எஞ்சிய விலை இரண்டு அவை இருக்கைகளுக்கு உரியது என்பது வெளிப்படை. காலிடன் பிரபுவின் குடும்பப் பொருளும் இந்தியாவில் ஈட்டப்பெற்றதே. 1770 முதல் 1773 வரை சென்னை ஆளுநராய் இருந்த சோசையா துய்ப்பிரே அக்குடும்பத்தில் மணம் புரிந்தவர். எனவே விற்ற குடும்பத்திலும் வாங்கிய குடும்பத்திலும் சென்னை ஆளுநர் தொடர்பு காணப்படுகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து ஆங்கிலப் பேரவைக்குச் செல்வம் சென்ற வழிகளுள் இக்குன்று ஒன்று எனலாம்.

தாமசு பெயின் 1791இல், மூன்று வீடுகூட இல்லாத இவ்வூர் இரண்டு உறுப்பினரை அனுப்ப, 60,000 மக்களுக்கு மேல் வாழும் மாஞ்செசுட்டர் ஒருவரையும் அனுப்ப இயலாமையை எடுத்துக்காட்டினார். நெடிய போராட்டத்தின் பின் 1832இல் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. பழைய சாரம் உள்ளிட்ட 56 தொகுதிகள் அறவே நீக்கப்பெற்றன. மாஞ்செசுட்டர் இரண்டு உறுப்பினரைப் பெற்றது. ஆயினும் உழைப்பாளர் பெரும்பாலோர் அன்று வாக்குப் பெற்றிலர். மறைமுக வாக்களிப்பு 1872இல் வந்தது. மகளிர் ஆடவரோடு ஒத்த உரிமை பெற்றது 1928இல்.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. பழைய சாரத்தின் உரிமையை எவரும் சட்டத்தை மீறிக் கவர்ந்திலர். மக்கள் இடம்பெயர்ந்தனர், சட்டம் இடம்பெயரவில்லை. வாக்கு ஆளை விட்டு மண்ணைப் பற்றிய அன்றே அது விலைப்பொருள் ஆயிற்று. மக்கள் வாழும் இடத்தையும் தொகையையும் காலந்தோறும் எண்ணித் தொகுதிகளைத் திருத்தி அமைத்தல் எழுத்தர் பணி அன்று. மக்களாட்சியின் உயிர்நிலை என்பதற்கு அக்குன்றே சான்று பகர்கின்றது.