கேரியர் போன் காலம்

நான் ஆபரேட்டராகச் சேர்ந்த காலத்தில் கடையநல்லூர்ப் பக்கத்துத் துணை மின் நிலையங்களில் கணினி கிடையாது. லாக் ஷீட், சுவரில் ஃப்ரீக்வென்சி மீட்டர், மேஜையில் கேரியர் போன். அந்தப் போனுக்குத் தனிக் கம்பி இல்லை, 110 கே.வி. லைனிலேயே மின்சாரத்தோடு பேச்சும் போகும். மணிக்கொரு தடவை, ஊருக்கும் வயலுக்கும் பிரிந்து போகும் லைன்களை ஃபீடர் ஃபீடராகப் பார்த்து ஆம்ப்ஸ் எழுதி அதில் வாசிப்போம். மதுரை லோடு டெஸ்பாட்ச் சென்டர் வழியாகக் கணக்கு சென்னைக்குப் போகும்.

எடுப்பு கூடி உற்பத்தி எட்டாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் இறங்கும். தொண்ணூறுகளில் தென்மாநில கிரிட்டில் 48.5 வரை இறங்குவது சாதாரணம். முள் சரிந்தால் போன் அடிக்கும்: “லோடைக் குறைங்க சார்.” டவுன் ஃபீடரில் கை வைத்தால் வாசலில் கூட்டம் கூடிவிடும். அதனால் பெரும்பாலும் பம்ப்செட் ஃபீடர்தான் மாட்டும். விவசாயத்துக்கு மும்முனை மின்சாரத்தைப் பகலில் சில மணி, ராத்திரி சில மணி என்று முறைவைத்ததும் லோடைப் பிரித்துப் போடத்தான். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் நடுச்சாமத்தில் டார்ச் அடித்துக்கொண்டு மோட்டார் போடப் போனது அப்படித்தான். கிரிட்டின் கணக்கை அவர்கள் தூக்கம் நேர்செய்தது.

பிறகு காத்தாடிகள் வந்தன. தமிழ்நாட்டில் 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கியது, 2012-க்குள் ஏறக்குறைய 7,000 மெகாவாட்டாகிவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் சுழற்றியடிக்கும். லைன் தாங்காமல் காத்தாடிகளை நிறுத்தச் சொல்வார்கள். ஐப்பசியில் காற்று விழுந்ததும் ஊர் இருட்டும். மிஞ்சியதை வடக்கே தள்ளவும் பெரிய வழியில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் மூலம் தென்னக கிரிட் நாட்டோடு ஒன்றாக இணைந்தது 2013 டிசம்பர் 31-ல்தான்.

கணினி கொண்டுவந்த மாற்றம் இரண்டு. 2003 ஜனவரியில் தெற்கே வந்த புதிய கட்டண முறை, ஒரு நாளைப் 15 நிமிடத் துண்டுகள் 96 ஆக வெட்டியது. மாநிலம் ஒப்புக்கொண்டதற்கு மேல் எடுத்தால், ஃப்ரீக்வென்சி எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு காசு கூடும். மீட்டரே எழுதிவைப்பதால் சாக்குச் சொல்ல முடியாது. முள் 50-ஐ ஒட்டி நிற்கப் பழகியது. இரண்டாவது, முன்கணிப்பு. சென்னையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நாளைய காற்றை இன்றே மதிப்பிட்டுச் சொன்னது. எந்த அனல் யூனிட்டை எப்போது தணிப்பது, வெளியே எவ்வளவு வாங்குவது என்று முதல் நாளே திட்டமிட முடிந்தது. காற்று வந்த பிறகு போனைத் தேடுவது குறைந்தது.

ஆனால் கணினித் திரை ஒரு யூனிட்டைக்கூடச் சேமித்து வைக்காது. மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கும் கடம்பாறை நிலையம் எண்பதுகளின் கடைசியிலேயே வந்துவிட்டது, 400 மெகாவாட். சூரிய ஒளி மின்சாரம் பெருகிய இன்று, பொழுது சாய்ந்து வீடுகளில் லைட்டும் ஃபேனும் ஏறும் நேரம்தான் சோதனை. அதற்குக் கடம்பாறைகள் இன்னும் நாலு வேண்டும். இல்லையென்றால் எத்தனை கணினி வைத்தாலும், எந்த ஃபீடரை அணைப்பது என்ற பழைய கேள்விக்குத்தான் திரும்புவோம். பதிலும் பழைய பம்ப்செட் ஃபீடராகவே இருக்கும்.