வேடந்தாங்கல் பறவைக் காப்பிடத்தின் வரலாறு

வேடந்தாங்கல் செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள ஓர் ஏரிக்கரை ஊர். இங்குள்ள ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள ஏரி, நாட்டின் மிகப் பழைய நீர்ப்பறவைக் காப்பிடங்களுள் ஒன்று. தாங்கல் என்பது வடதமிழகத்தில் சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். வேடர் பெயரைத் தாங்கிய ஊரே வேட்டையைத் தடுத்த ஊராக மாறியதுதான் இதன் வரலாறு.

ஏரியும் உழவும்

ஏரிக்குள் நீர்க்கடம்பு, கருவேல மரங்கள் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம் முதலியவை அவற்றில் கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் செலவின்றிக் கிடைப்பதை உழவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். பறவைகளைக் காப்பது அவர்களுக்கு இரக்கம் மட்டுமன்று, விளைச்சலைக் காப்பதும் ஆகும்.

கவுல்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் இங்கு பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டுக்குச் சென்று முறையிட்டதாகக் கூறப்படுகிறது. அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்துக் கவுல் எனப்படும் எழுத்துமூல உறுதி வழங்கினார். 1858இல் ஊரார் அந்த உரிமையை மீண்டும் கேட்டுப் பெற்றனர். 1936இல் ஏரி காப்பிடமாக ஏற்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த 1972ஆம் ஆண்டுக்கு வெகு முன்பே இங்கு ஊர்க்கட்டுப்பாடு நடைமுறையில் இருந்தது. தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் ஊரார் தவிர்த்து வருகின்றனர்.

வலசையும் வளையமும்

கூடு கட்டும் பறவைகளைத் தவிர, குளிர்காலத்தைக் கழிக்க மட்டும் வரும் பறவைகளும் உண்டு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து ஆகியவை நீரில் தங்கும். வாலாட்டி, நாணல் கதிர்க்குருவி, தகைவிலான் போன்ற சிறு பறவைகள் கரையிலும் வயலிலும் இரை தேடும். சித்திரை வெயில் ஏறும்போது இவை வடக்கே திரும்புகின்றன. சில கிராம் எடையே உள்ள கதிர்க்குருவி இமயத்துக்கு அப்பால் சென்று முட்டையிடுகிறது.

இவ்வழிகளை அறியக் காலில் எண் பொறித்த வளையம் இடும் முறையை, 1899இல் டென்மார்க்கின் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் முறையாகத் தொடங்கினார். 1957இல் கர்நாடகத்தில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, நோய்க்கிருமியை வலசைப் பறவைகள் கொண்டுவந்தனவா என்ற ஐயம் எழுந்தது. அதையொட்டி சலீம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் வளையமிடும் பணியை விரிவாக்கியது. தமிழகத்தில் கொடிக்கரை இப்பணியின் முதன்மைக் களமானது. மெல்லிய வலையில் சிக்கிய பறவையை அளந்து, எடையிட்டு, வளையம் பூட்டிப் பறக்க விடுவர். அது வேறோரிடத்தில் மீண்டும் பிடிபட்டால்தான் பயணம் தெரியவரும்.

எல்லை

வளையமிடல் உணர்த்திய உண்மை, ஓரிடத்தைக் காத்தால் மட்டும் பறவை பிழைக்காது என்பதாகும். வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரையும் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும்தான் குஞ்சுக்கு இரை தேடுகிறது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை காப்பிட எல்லையாக அறிவிக்கப்பட்டதன் தேவை இதிலிருந்து விளங்கும். அந்த எல்லையைக் குறைக்கும் முன்மொழிவு 2020இல் கடும் எதிர்ப்பைச் சந்தித்துப் பின்னர் கைவிடப்பட்டது. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களாயின.