ஓய்வுநாளும் ஆண்டவர் நாளும்

ஏழு நாள்களுள் ஒன்றைத் தொழிலொழித்து இறைவனுக்கென ஒதுக்கி வைத்தல் யூத சமயத்தின் தலையாய ஒழுக்கங்களுள் ஒன்றாகும். வெள்ளிக்கிழமை மாலை சூரியன் மறைவது தொடங்கிச் சனிக்கிழமை மாலை சூரியன் மறையும் வரையுள்ள காலமே அவர்கள் போற்றும் ஓய்வுநாள். யூத சமயத்தினின்றும் கிளைத்த கிறித்தவம் யூதரின் வேதத்தையும் பத்துக் கட்டளைகளையும் தனதாக்கிக் கொண்டது. எனினும், அக்கட்டளைகளுள் ஒன்று வெளிப்படையாகக் குறிக்கும் ஏழாம் நாளை விடுத்து, வாரத்தின் முதல் நாளாகிய ஞாயிற்றுக்கிழமையையே பெரும்பாலான கிறித்தவர் போற்றி வருகின்றனர். அங்ஙனமாயின் ஓய்வுநாட் கட்டளை கிறித்தவரைக் கட்டுப்படுத்துமா, படுத்தாதா? இவ்வினாவை வரலாற்று நெறி நின்று ஆராயுமிடத்து, வழிபடும் நாளும் தொழிலொழியும் நாளும் வேறு வேறு என்பதும், அவையிரண்டும் ஒன்றாக இணைந்தமை பிற்கால நிகழ்ச்சி என்பதும் புலனாகும்.

கட்டளையின் கருத்தை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஓய்வுநாளுக்கு வேதம் இரு காரணங்கள் கூறுகின்றது. இறைவன் ஆறு நாள்களில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தமையை யாத்திராகமம் காரணமாகக் காட்டும். யூதர் எகிப்து நாட்டில் அடிமைகளாயிருந்து மீட்கப்பட்டமையை உபாகமம் காரணமாகக் காட்டும். ஆதலின் வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்றி, அடிமைக்கும் அந்நியனுக்கும் கால்நடைக்குங்கூட அந்நாளில் ஓய்வு விதிக்கப்பட்டது. இயேசு இந்நாளில் செபாலயம் சென்றார். அதே நாளில் நோயாளரைக் குணப்படுத்தியும் வந்தார். பரிசேயர் அவருடன் வாதிட்டது ஓய்வுநாள் வேண்டுமா என்பது பற்றியன்று. அதனை எவ்வாறு அனுசரிப்பது என்பது பற்றியே.

யூதரல்லாதார் பெருந்தொகையினராகக் கிறித்தவத்திற் புகுந்தபோதே வினா கூர்மையடைந்தது. ஏறத்தாழக் கி. பி. 49 இல் எருசலேமிற் கூடிய அப்போஸ்தலர், புதியோர் விருத்தசேதனம் செய்ய வேண்டியதில்லை எனத் தீர்மானித்து, அவர்கள் விலக்கவேண்டிய சிலவற்றை மட்டும் வரையறுத்தனர். அவ்வரையறையில் ஓய்வுநாள் இடம்பெறவில்லை. பவுல் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில், ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவரும் அவர்களைக் குற்றப்படுத்தலாகாது என்னும் கருத்துக் காணப்படுகின்றது. உரோமருக்கு எழுதிய நிருபமோ, நாள்களை வேறுபடுத்துவோரும் வேறுபடுத்தாதோரும் தத்தம் மனத்தில் தெளிவுடையோராய் இருக்க வேண்டுமென்கின்றது. எனவே தொடக்கத்தில் இது மனச்சாட்சிக்கு விடப்பட்டதொரு விடயம் எனலாம்.

இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்னும் காரணத்தால் வாரத்தின் முதல் நாள் வழிபாட்டு நாளாயிற்று. ஆயின் அது ஓய்வுநாளாகவில்லை. உரோமப் பேரரசில் அந்நாள் ஏனைய நாள்களைப் போன்றதொரு வேலைநாளே. பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி, ஏறத்தாழக் கி. பி. 112 இல் திராயன் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், கிறித்தவர் குறித்ததொரு நாளில் விடியுமுன் கூடிக் கிறித்துவைப் பாடித் துதிப்பதாகக் குறிப்பிடுகின்றார். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமாபுரியில் வாழ்ந்த யுஸ்தின், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விரிவாக வருணித்துள்ளார். அவரே யூதரொருவருடன் நிகழ்த்திய உரையாடலாக அமைந்த நூலில், மோசேக்கு முன் வாழ்ந்த நீதிமான்கள் ஓய்வுநாளை அனுசரியாமலே இறைவனுக்கு உகந்தோராயினர் என வாதிடுகின்றார்.

இந்நிலையை மாற்றியது அரச ஆணையே. கி. பி. 321 மார்ச்சு 7 ஆம் நாள், நீதிபதிகளும் நகரமாந்தரும் கைத்தொழிலாளரும் ஞாயிற்றுக்கிழமையில் ஓய்ந்திருக்க வேண்டுமெனக் கொன்ஸ்தந்தீன் பேரரசன் விதித்தான். பருவம் தவறலாகாதென்பதால் உழவர்க்கு விலக்களிக்கப்பட்டது. அதே நூற்றாண்டில் இலாவோதிக்கேயாவிற் கூடிய சங்கம், கிறித்தவர் சனிக்கிழமையில் ஓய்ந்திருத்தலாகாதெனத் தடுத்தது. தடை விதிக்க வேண்டியிருந்தமையே அவ்வழக்கம் அன்றும் நிலவியது என்பதற்குச் சான்றாகும். எதியோப்பியத் திருச்சபையோ இரு நாள்களையும் போற்றியது. நீண்ட பிணக்கின்பின் 1450 இல் சாரா யாக்கோபு மன்னன் முன்னிலையிற் கூடிய சங்கம் அதனை உறுதிப்படுத்திற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ், கட்டளையை இரு கூறாக்கினார். இறைவனுக்கெனக் காலம் ஒதுக்குதல் என்றுமுள்ள அறம். இன்ன நாள் என்பது யூதருக்குரிய சடங்கு விதி. ஞாயிற்றுக்கிழமை திருச்சபையின் விதியாலும் மக்கள் வழக்கத்தாலும் வந்ததென்பது அவர் முடிபு. 1530 ஆம் ஆண்டின் ஒக்ஸ்பேர்க் அறிக்கையில் லூதரின் வழியினரும், மக்கள் கூடுவதற்கொரு நாள் வேண்டுமென்பதற்காகவே அது ஏற்பட்டது என்றனர். ஆயின் இங்கிலாந்துப் பியூரிட்டன்கள், ஓய்வுநாட் கட்டளை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டதெனக் கொண்டனர். வழிபாட்டின் பின் நடனமும் வில்வித்தையும் ஆகலாமென முதலாம் யேம்ஸ் மன்னன் 1618 இல் வெளியிட்ட ஆணையை 1633 இல் அவன் மகன் சாள்ஸ் புதுப்பித்தான். 1643 இல் பாராளுமன்றம் அதனை எரிக்கச் செய்தது. 1646 இன் வெஸ்ற்மின்ஸ்ரர் அறிக்கை ஞாயிற்றுக்கிழமையைக் கிறித்தவ ஓய்வுநாள் எனவே வகுத்தது.

கட்டளை முழுவதும் நிலைத்திருக்குமாயின் நாளை மட்டும் மாற்ற அதிகாரம் தந்தவர் யாவர் என்னும் வினா இதனின்றே எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஏழாம் நாள் பப்டிஸ்து சபையாரும், 1863 இல் அமைப்புற்ற ஏழாம் நாள் அட்வெந்து சபையாரும் சனிக்கிழமைக்கே மீண்டனர். அதன் விலை சிறிதன்று. அமெரிக்காவின் தென் கரோலினாவில் சனிக்கிழமை வேலை செய்ய மறுத்துப் பணியிழந்த அட்வெந்து சபைப் பெண்ணொருவருக்கு வேலையற்றோர் உதவிப்பணமும் மறுக்கப்பட்டது. 1963 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அம்மறுப்புச் சமய சுதந்திரத்துக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது.

இலங்கையும் இவ்வினாவின் ஒரு கூற்றை அனுபவத்திற் கண்டதுண்டு. 1966 முதல் 1971 வரை போயா நாள்களே வாராந்த விடுமுறையாயிருந்தன, ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாயிற்று. எனினும் கிறித்தவர் ஞாயிறு வழிபாட்டைக் கைவிட்டாரல்லர். கொன்ஸ்தந்தீனுக்கு முற்பட்ட நிலை அவ்வாண்டுகளில் ஓரளவு மீண்டது எனலாம்.

இதுகாறும் கூறியவாற்றால், கிறித்தவருட் பெரும்பாலார் ஏழாம் நாளைத் தம்மைக் கட்டுப்படுத்தும் விதியாகக் கொள்ளவில்லை என்பதும், அவ்வாறு கொண்டோர் எக்காலத்தும் இருந்தனர் என்பதும் தெளிவாம். வழிபாட்டு நாளை நம்பிக்கை வகுத்தது. ஓய்வு நாளை அரசு வகுத்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட காலங்களில், சிறுபான்மையோரின் மனச்சாட்சி பெரும்பான்மையோரின் நாட்காட்டிக்குக் கீழ்ப்படுமாறு வற்புறுத்தப்பட்டது. அடிமைக்கும் ஓய்வளிக்க எழுந்த கட்டளை பிறரை ஒறுக்கும் கருவியாகுமாயின் அதன் உட்பொருள் இழக்கப்படும். நாள் எதுவாயினும் அவ்வுட்பொருளைப் பேணுதலே அறிவுடையோர் கடனாகும்.