வருகை ஒழுங்கின்மையும் கற்பித்தல் முறைகளும்: வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஒரு கற்பித்தல் முறையின் நிறைகுறைகளை எடைபோடும்போது, மாணவர் தினமும் பள்ளிக்கு வருகிறார் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இது எளிதில் பொருந்துவதில்லை. பெற்றோர் இருவரும் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ போகும் வீட்டில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கு மட்டம் போடுவது மூத்த பெண்தான். ஆகவே நேற்று வராத குழந்தையை இன்று எங்கே உட்கார வைக்கிறது என்பதே இங்கு ஒரு முறைக்கான முதல் சோதனை.

கரும்பலகையும் விளக்கவுரையும் கொண்ட பழைய முறை இச்சோதனையில் தோற்கிறது. கடன் வாங்கிக் கழித்தலை ஆசிரியர் செவ்வாயன்று நடத்துகிறார். வியாழனன்று வரும் குழந்தை பலகையில் அடித்துத் திருத்திய எண்களைப் பார்க்கிறதே தவிர, பத்துகள் இடத்து 5 ஏன் 4 ஆனது என்று அதற்குத் தெரிவதில்லை. வகுப்பு கோரஸாகச் சொல்லும் விடையில் அதன் குரலும் சேர்ந்துவிடுவதால் ஆசிரியருக்கும் தெரிவதில்லை. எனினும் இம்முறையை ஒதுக்கிவிட முடியாது. வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் குழந்தைகள் பலர் படிக்கும் இவ்வட்டாரத்துத் தமிழ்வழி வகுப்புகளில், கோவையான தமிழை நீளமாகக் கேட்கும் வாய்ப்பு ஆசிரியரின் பேச்சில்தான் கிடைக்கிறது. நல்ல விளக்கத்துக்கு ஈடான அட்டை எதுவும் இல்லை.

இதற்கு மாற்றாக வந்த செயல்வழிக் கற்றலின் வேர்களில் ஒன்று இவ்வட்டாரத்திலேயே இருக்கிறது. குடியாத்தம் பகுதியில் பீடிக்கும் தீப்பெட்டிக்கும் முன்பணம் வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் கடன் தீரும்வரை வேலையில் கட்டுண்டு கிடந்தனர். 1990களில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்களை மீட்டுப் பள்ளிக்குக் கொண்டுவரும் பணியில் ஈடுபட்டார். மீட்கப்பட்டவர்களில் எழுத்தறியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இரண்டாம் வகுப்போடு நின்ற ஒன்பது வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் இருப்பார்கள். அங்கே ‘இன்றைய பாடம்’ என ஒன்றை எல்லாருக்கும் பொதுவாக நடத்த வழியில்லை. மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவான கற்றல் ஏணி இத்தகைய அறைக்குப் பொருந்தியது.

சென்னை மாநகராட்சி ஆணையரான பின் விஜயகுமார் 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007–08இல் மாநிலம் முழுவதும் 1 முதல் 4 வரையான வகுப்புகளுக்கு விரிந்தது. குழந்தை ஏணிப்படத்தில் தன் இடத்தைப் பார்த்து, அதற்குரிய சின்னமும் எண்ணும் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, ஆறு குழுக்களில் உரிய பாயில் போய் அமரும். ஒரு வாரம் வராவிட்டாலும் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். இம்முறையைப் புகழ்ந்தவர்கள் பெரிதும் பேசியது ஆனந்தத்தைப் பற்றி. அதைவிடப் பெரிய பயன் இந்தத் தொடர்ச்சிதான்.

குறைகளும் அதே அமைப்பிலிருந்தே வந்தன. அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி போயிற்று. ஆசிரியர் நேரடியாகத் துணைநிற்கும் குழுவில் இல்லாத குழந்தை, தவறான விடையோடு அடுத்த அட்டைக்கு நகர்ந்துவிடக்கூடும். சக மாணவர் துணை என்பதற்கும் எல்லை உண்டு. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை வழக்கத்தோடு ஒப்பிடப்படும் மானிட்டர் முறையை ஆண்ட்ரூ பெல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் செயல்படுத்தி, பின்னர் இங்கிலாந்திலும் பரப்பினார். மலிவாகப் பலருக்கு எழுத்தறிவித்த அம்முறை, சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்குத் தெரிந்ததற்கு மேல் போக முடியாமல் நின்றது. மீட்கப்பட்ட சிறாருக்குப் பொருந்திய ஒன்றை, வருகை சீரான பள்ளிகளுக்கும் ஒரே அச்சில் விதியாக்கியது நிர்வாகம் செய்த பிழை.

நடுநிலை வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வி, வாசித்து மனவரைபடம் வரைந்து குழுவில் பேசும் முறை. சரளமாக வாசிப்பவருக்கு அது நல்ல பயிற்சி. எழுத்துக்கூட்டுபவர் அடுத்தவரின் வரைபடத்தைப் பார்த்து எழுதிவிடுவார்.

கொரோனாக் கால விடுப்புக்குப்பின் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் விளக்கவுரையையும் செயல்வழிக் கற்றலையும் கலந்தது. ஆசிரியர் கதையும் பாட்டுமாக எல்லாருக்கும் நடத்துவார். பயிற்சி மட்டும் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரியும். தோல் வட்டாரத் தேவைக்கு இது முந்தையவற்றைவிட நெருங்கி வருகிறது. ஆனால் ‘அரும்பு’ என்பது தற்காலிக நிலை என்பதை மறந்து குழந்தைக்குப் பட்டப்பெயராக்கிவிடும் அபாயம் உண்டு. மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றும் வேலை, மட்டம் போட்ட பிள்ளைக்கென ஒதுக்க வேண்டிய நேரத்தைத் தின்கிறது.

ஆறாம் வகுப்பில் ஏணியும் இல்லை, நிலைகளும் இல்லை. பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணிக்கொரு பாடவேளை. விட்டதைப் பிடிக்கும் ஏற்பாடு பெரும்பாலும் பள்ளி நேரத்துக்கு வெளியேதான் இருந்தது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளை மாலையில் தன்னார்வலரிடம் அமர்த்தியது. நடுநிலை வகுப்புகளில் வாரத்தில் இரண்டு பாடவேளையை வராதவர்களுக்கென்றே நேர அட்டவணையில் ஒதுக்கினால், பழைய விளக்கவுரை முறையேகூட இங்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும்.